தம்பி வீட்டைவிட ஒரு ஜாண் உயரம்

போன மாதம் செமினியில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற கையோடு வாசலை இடித்துப் புதுப் போர்ச் கட்டப் போகிறாளாம். கன்ட்ராக்டர் கையடக்கத் திரையில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். கண்ணாடிக் கூரை, மர நிறத்தில் தரை, சுவரோரம் விளக்கு, நடுவில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கறுப்புப் படிகள். தோழி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு ஏற முடியவில்லை என்று படுக்கையைக் கீழே இறக்கியவள் அவள். பக்கத்து வீட்டில் யாரோ சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியது. பாதிக் கோப்பியோடு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் எனக்குப் பொறாமை என்று பேச்சு. பொறாமை இல்லை, என் சிநேகிதிகளே. அருவருப்பு. நம் வயதில் முட்டி வலியைப் பற்றிப் பேசாத நாள் இல்லை, ஆனால் வாசலில் படி கட்டுவதை மட்டும் விட மாட்டோம். இந்த அருவருப்பு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டி விற்கும் தாமான்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. சித்தப்பாவுக்கு மின்சார இலாகாவில் வேலை. அண்ணன் தம்பி கடைசிவரை ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வரிசை வீட்டில் அடுத்தடுத்த இரண்டு வீடாகப் பார்த்து வாங்கினார்கள். நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. உண்மையிலேயே ஒற்றுமை வேண்டுமென்றால் நாலு தெரு தள்ளி வாங்கியிருக்க வேண்டும்.

கட்டிக் கொடுத்தபோது வீட்டு வாசல் வெறும் சிமெண்ட் தரைதான். சொரசொரவென்று, ரோட்டு மட்டத்துக்கே இருக்கும். வீட்டுக்குள் நுழைய ஒரு விரல் உயரத்துக்கு நிலைப்படி, அவ்வளவுதான். மடக்கு இரும்புக் கேட்டைத் திறந்தால் பல் கூசும். கேட்டோரம் மைலோ டப்பாக்களில் அம்மாவின் செடிகள். எங்கள் வாசலுக்கும் சித்தப்பா வாசலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்தது. குடி வந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவும் சித்தியும் அதில் ஒரு ஆள் போய்வரும் அளவுக்கு உடைத்து வழி வைத்துக்கொண்டார்கள். குழம்புக் கிண்ணமும் ஊர்க்கதையும் அந்த வழியாகத்தான் போகும் வரும்.

அந்தச் சொரசொரப்பான தரையில்தான் அக்காவின் உயிரே இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. காலில் இரும்புச் சட்டம், தொடை வரை தோல் வார்கள், கக்கத்தில் ஒரு கட்டை. வியர்வை ஊறிய அந்தத் தோலின் வாடை இன்றைக்கும் எனக்கு அக்கா வாடை. பள்ளிப் படிப்பை ஐந்தாம் படிவத்தோடு முடித்துவிட்டு டவுனில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் டாக்சிக்கார அங்கிள் ரோட்டில் ஹார்ன் அடிப்பார். அக்கா வாசலைக் கடந்து, கேட்டைத் தானே இழுத்துத் திறந்து, டாக்சி வரை தானாகவே போவாள். யாரும் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் முறைப்பாள்.

டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அதற்குள் வகுப்பை முடித்துவிடு என்று அவளுடைய டைப்ரைட்டிங் டீச்சர் சொல்லியிருந்தார். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அக்கா என்னிடம் அதையேதான் பேசுவாள். "வேலைக்குப் போயிட்டா யார்கிட்டயும் எதுக்கும் நிக்க வேணாம்டி" என்பாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் சித்தப்பா கார் வாங்கினார். பழைய கார்தான், ஆனாலும் கார். காருக்கு நிழல் வேண்டாமா? ஒரு கன்ட்ராக்டரைப் பிடித்து வந்தார்.

அந்த மனிதரை எப்படிச் சொல்வது? வயிறு முதலில் கேட்டுக்குள் வரும், ஆள் பிறகு வருவார். விரலுக்கு ஒரு மோதிரம். எங்கள் வீட்டுச் சாவி, கார்ச் சாவி, எது கையில் கிடைத்தாலும் அதைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, வந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் சிலுவார்க் கால்சட்டையில் துடைப்பார். வெற்றிலையை மென்று அம்மாவின் செடி டப்பாவில் துப்புவார். சிகரெட் துண்டையும் அதிலேயே அமுக்குவார். அளவு நாடா ஒன்று இடுப்பில் எப்போதும் தொங்கும், அவர் அதை இழுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, "கரெக்டா இருக்குலா பாஸ்" என்பார். பெரியவர்கள் அதைத் திறமை என்று நினைத்தார்கள்.

சித்தப்பா வாசலை அவர் ஒரு ஜாண் உயர்த்தினார். மேலே பச்சை நிறத்தில் நெளி நெளியான பிளாஸ்டிக் கூரை. கார் ஏற வேண்டுமே, அதனால் கேட்டிலிருந்து ரோட்டுக்கு நல்ல அகலமாக ஒரு சரிவு. நாங்கள் அந்தச் சரிவில் ஓடி விளையாடினோம். அக்காவும் ஒரு தரம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஜோரா இருக்கு சித்தி" என்றாள்.

பிறகு ஒரு மழை பெய்தது. சித்தப்பா வாசலில் விழுந்த தண்ணீர் சுவரில் உடைத்த வழியாக எங்கள் பக்கம் இறங்கிக் குளமாக நின்றது. அப்பா வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓரமா ஒரு வாய்க்கா வெட்டினா ரோட்டோர லோங்காங்குச் சாக்கடைக்குப் போயிடும்" என்றாள் அம்மா.

"இது தண்ணி விஷயம் இல்ல" என்றார் அப்பா. "தம்பி வீட்டு அழுக்கு அண்ணன் வீட்டுல வந்து நிக்கிது. வர்றவன் போறவன் என்னா நெனப்பான்? பெரியவன் வாசல் சின்னவன் வாசலுக்குக் கீழ இருக்கலாமா?"

இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். சபையில் அண்ணனுக்குத்தான் முதல் மாலை, பந்தியில் அண்ணனுக்குத்தான் முதல் இலை. தம்பி அண்ணனுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் தரை மட்டம் மட்டும் எப்படித் தாழ்ந்து இருக்கலாம்? சிரிக்காதீர்கள். உங்கள் வீடுகளிலும் இதே கதை வேறு ரூபத்தில் நடந்திருக்கும்.

அப்பா அதே கன்ட்ராக்டரைக் கூப்பிட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டால் தம்பி என்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்பது தெரியாமல் போய்விடுமே. அந்த ஆளும் சளைக்கவில்லை. காலையில் சித்தப்பா வீட்டில் பசியாறுவார், பத்து மணிக்கு எங்கள் வீட்டில் கோப்பி குடிப்பார். அங்கே சொன்னதை இங்கே சொல்வார், இங்கே சொன்னதை அங்கே சொல்வார்.

"தம்பி தூணுக்கு மொசைக் போடச் சொல்றாருண்ணே."

"அப்ப எனக்குத் தரைக்கும் மொசைக் போட்டுடு. அவனைவிட ஒரு ஜாண் கூடவே ஏத்திடு."

"ஒன்றரையா ஏத்திருவோம் பாஸ். நாளைக்கு அவர் ஏத்தினாலும் நீங்க மேலதான் இருப்பீங்க."

அப்பாவின் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கிடங்கில் வெள்ளைக்காரத் துரைக்கும், பிறகு வந்த மலாய் அதிகாரிக்கும், சீனத் தவுக்கே முதலாளிக்கும் தலை வணங்கி வணங்கியே கழுத்து வளைந்துபோன மனிதர். அவருக்குத் தலை நிமிர்ந்து நிற்கக் கிடைத்த ஒரே ஆள் சொந்தத் தம்பி.

அக்கா அன்றைக்கு வெளியே வந்து நின்றாள். வகுப்புக்குப் போகக் கிளம்பி, தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"அங்கிள், அவ்ளோ உயரம்னா படி வருமா?"

"வரும்லா. மகராஜா படி! ரெண்டு பக்கமும் பூந்தொட்டி வைக்கலாம்."

"ஒரு ஓரமா சரிவு வச்சிடுறீங்களா? சித்தப்பா வீட்டு மாதிரி. நான் போறதுக்கு."

கன்ட்ராக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"அது கார் ஏறுறதுக்கும்மா" என்றார் அப்பா. "நம்மகிட்ட கார் இல்லியே."

"கார் வாங்கினா வைப்பீங்கள்ல?"

"வாங்கும்போது பாத்துக்கலாம்."

"அப்ப அதை இப்பவே வச்சா என்னாப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கார் இல்லாத வீட்டு வாசல்ல சரிவு இருந்தா, உள்ள நடக்க முடியாத புள்ள இருக்குன்னு போர்டு மாட்டின மாதிரி. நாளைக்குச் சின்னவளுக்கு மாப்பிள வீட்டுக்காரங்க வரணும். மொதல்ல பாக்குறதே வாசலைத்தான்."

சின்னவள் நான்தான். கையில் ஐஸ் குச்சியோடு நின்றுகொண்டிருந்தேன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்திருக்கும். எனக்கு வரப்போகும் யாரோ ஒருவனுக்காக என் அக்காவின் வழியை அடைத்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டதும் கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள்.

வேலை தொடங்கியது. லோரி வந்து மணலைக் கேட்டுக்கு எதிரே, லோங்காங்கின் மேலேயே கொட்டிவிட்டுப் போனது. சாக்கடை அடைத்துக்கொண்டது. பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர் நின்று, அதில் கொசுப்புழு நெளிந்தது. தாமான் பூனைகள் எல்லாவற்றுக்கும் எங்கள் மணல்மேடுதான் கக்கூஸ். ஒருநாள் வேலையாள் மண்வெட்டியால் அள்ளியபோது ஊதிப்போன எலி ஒன்று மணலோடு வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த மணலையே சிமெண்டில் குழைத்தான். எங்கள் வீட்டு மகராஜா படிக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவின் மைலோ டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்றில் பெயிண்ட் கலந்தார்கள், ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று நசுக்கினார்கள். மடக்குக் கேட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டுப் படிக்குக் கீழே புதுக் கேட் மாட்டினார்கள். அந்தக் கேட்டின் கூசும் சத்தத்துக்குக்கூட நான் பிறகு ஏங்கியிருக்கிறேன்.

ஒரு வழியாகப் போர்ச் முடிந்தது. சித்தப்பா வாசலைவிட நன்றாகவே உயரம். ஆனால் கன்ட்ராக்டரும் அப்பாவும் ஒன்றை மறந்துவிட்டார்கள். வீட்டு ஹால் பழைய மட்டத்திலேயே இருந்தது. ரோட்டிலிருந்து படி ஏறி, போர்ச்சில் நடந்து, பிறகு ஹாலுக்குள் தொப்பென்று இறங்க வேண்டும். முதன்முதலாக வந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழப் பார்த்தார்கள்.

"பரவால்ல பாஸ், அடுத்த வருசம் ஹாலையும் ஏத்திருவோம்" என்றார் கன்ட்ராக்டர். அப்பா அதையும் யோசிக்கிற மாதிரிதான் தலையாட்டினார்.

அக்காவின் நிலைமை என்ன? அம்மா படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் பார்த்தாள். கீழே கேட் இடித்ததால் அது ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. அப்பா வந்து, "மொசைக்குல கீறல் விழுது" என்று பலகையைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டார். ஆனால் பெண்கள் விடவில்லை. சுவரில் உடைத்த வழி இன்னும் இருந்ததல்லவா? ஹாலிலிருந்து போர்ச்சுக்கு ஏற அம்மா அந்தப் பலகையையே கொண்டுவந்து போடுவாள். அக்கா ஏறி, சுவர் வழியாகச் சித்தப்பா வாசலுக்குப் போவாள். அந்தப் பக்கம் இறங்குகிற இடத்தில் சித்தி செங்கல் அடுக்கி வைத்திருந்தாள். பகலில் கார் இருக்காது. அங்கிருந்து அந்தச் சரிவில் இறங்கி ரோட்டுக்கு வந்துவிடுவாள். டாக்சிக்கார அங்கிளும் சித்தப்பா வீட்டுக்கு எதிரே நிற்கப் பழகிக்கொண்டார். சித்தி ஒவ்வொரு நாளும் வந்து நிற்பாள், ஆனால் கை கொடுக்க மாட்டாள். சித்தியை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

போர்ச்சுக்குப் பூசை வைத்தார் அப்பா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து உறவுக்காரர்கள் எல்லாம் ரயிலேறி வந்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினார்கள். "கூட்டமா இருக்கு, நீ உள்ளயே இரும்மா" என்று அக்காவை அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஹாலில் பாய் விரித்து முதல் பந்தி போட்டார்கள். கன்ட்ராக்டர் மட்டும் போர்ச்சிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை சாம்பார் வழியச் சாப்பிட்டார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழை தெரியும்தானே, கேட்டுக்கொண்டு வராது. கூரை போடுவது அடுத்த மாதத்து வேலை என்று போர்ச் இன்னும் திறந்துதான் கிடந்தது. கட்டை விரலில் மட்டம் பார்த்துக் கட்டிய தரை வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை. மணல், சிகரெட் துண்டு, வெற்றிலை எச்சில், பூனைக் கழிவு, நசுங்கிய பூசணிச் சிவப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஹாலுக்குள் இறங்கியது. இலைகள் மிதந்தன. பாயசத்தில் என்ன மிதந்தது என்று சொல்ல வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் மாமா ஒருவர் எச்சில் கையோடு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார்.

கன்ட்ராக்டர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல சகுனம்லா பாஸ், கங்கையே வந்துட்டா" என்றார்.

அந்த ஆளை அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியைவிட உயரமாகக் கட்டிக் கொடுத்தவன் அல்லவா! விருந்தாளிகள் எதிரில் சித்தப்பாமேல் பாய்ந்தார்.

"எல்லாம் உன் வீட்டுத் தண்ணிடா! அந்தச் சுவத்து ஓட்டை வழியாத்தான் வருது."

"அண்ணே, என் வாசல் கீழ இருக்கு. தண்ணி எப்படிண்ணே மேல ஏறி வரும்?"

"என் வாசல்ல நின்னுக்கிட்டே என்னையக் கேள்வி கேக்குறியா?"

அறை வாசலில் அக்கா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இரும்புச் சட்டத்தின் பாதி வரை தண்ணீர். அப்பா அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "அப்பா, வேணாம்பா" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

"நாளைக்கே அந்த ஓட்டைய அடைச்சிடு" என்றார் அப்பா, கன்ட்ராக்டரிடம். மறுநாள் அடைத்தார்கள். சித்தப்பாவும் வீம்புக்கு அந்தப் பக்கமிருந்து சுவர் முழுக்க மூக்களவுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார். சித்தியின் முகம் சுவருக்கு மேல் கண் வரைதான் தெரிந்தது.

"பின்பக்கமா போகட்டும்" என்று அப்பா வழி சொன்னார். அந்தக் காலத்துக் கொல்லைச் சந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வரிசை வீடுகளின் கழிவும் அங்கேதான். அக்கா ஒரு நாள் போனாள். கட்டை சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்தபோது சறுக்கி, மீன் கழுவிய தண்ணீரும் சோறும் ஊறிக் கிடந்த சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா குளிப்பாட்டிவிட்டாள். சட்டத்தின் தோல் வாரில் ஏறிய நாற்றம் பல நாள் போகவில்லை. "நான் குப்பை இல்லம்மா, பின்பக்கமா போறதுக்கு" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

அதற்கு அடுத்த முறைதான் அது நடந்தது. அக்கா படியின் மேல் நின்று, எப்படி இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சி வந்து நின்றுவிட்டது. கூரை வேலையாக வந்திருந்த கன்ட்ராக்டர், "இதுக்குப் போயி என்னா கவலை?" என்று சொல்லிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் அவளை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். பதினெட்டு வயதுப் பெண். அவளுடைய கட்டை படியில் உருண்டு போனது. அவர் அவசரப்படாமல், பல்லைக் காட்டிக்கொண்டு, படி படியாக இறங்கினார். சித்தப்பா வீட்டுப் பக்கமும் எதிர் வரிசையிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவருடைய கை எங்கே இருந்தது என்பதை நான் பார்த்தேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவருடைய வெற்றிலை வாய் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்பா போர்ச்சில்தான் இருந்தார். "தேங்க்ஸ்பா" என்றார்.

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. அப்போது எனக்குப் புரியாததும் இப்போது நன்றாகப் புரிகிறது. அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார். பார்த்ததை ஒப்புக்கொண்டால் படி தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா அன்று வகுப்புக்குப் போய்விட்டு வந்து, குழாயடியில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். பிறகு அம்மாவோடு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மறுவாரம் அம்மா கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டிங் டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தாள். அப்பாவிடம் பொய் சொல்லி அம்மா வெளியே போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்யும் பெண்களுக்கான விடுதி ஒன்றில், தரைத் தளத்தில், அக்காவுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. மீதி வகுப்பை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், இன்டர்வியூவும் பக்கம்.

கிளம்புகிற அன்று பட்டப்பகல். அப்பா போர்ச்சில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"இரு, நான் தூக்கிட்டு வரேன்."

"தொடாதீங்க" என்றாள் அக்கா.

மேல் படியில் உட்கார்ந்தாள். இஸ்திரி போட்ட நீலப் பாவாடையைக் காலைச் சுற்றி இழுத்துச் செருகினாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, இரும்புக் காலை முதலில் கீழே தள்ளி, உட்கார்ந்தபடியே ஒரு படி இறங்கினாள். பிறகு இன்னொன்று. சட்டம் மொசைக்கில் உரசி வெள்ளையாகக் கீறல் போட்டது. தெருவே வெளியில் வந்து நின்றது. சித்தி சுவருக்கு அந்தப் பக்கம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை, வேர்த்தது. கீழே வந்து கேட் கம்பியைப் பிடித்து எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, நான் நீட்டிய கட்டையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நல்லா படிடி" என்றாள் என்னிடம். டாக்சியில் ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தாள். தீபாவளிக்கு வருவாள், ஆனால் கேட்டைத் தாண்டி வர மாட்டாள். டாக்சியில் உட்கார்ந்தபடியே இருப்பாள். அம்மா பலகாரத் தட்டோடு படி இறங்கிப் போவாள், நானும் போவேன். அப்பா மேலே நாற்காலியில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தடவைகூட இறங்கி வரவில்லை. இத்தனைக்கும் அவருக்கு அப்போது கால் நன்றாகத்தான் இருந்தது.

என்னைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். எந்த மாப்பிள்ளை வீட்டாருக்காகப் படி கட்டினாரோ, அவர்கள் கூட்டத்தில் ஒரு அத்தைக்கு முட்டி வீங்கியிருந்தது. மகராஜா படியைப் பார்த்ததும், "அம்மாடி, என்னால முடியாது" என்று அந்த அம்மாள் காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொல்லைச் சந்து வழியாக, கைத்தாங்கலாக, சமையலறைக்குள் கூட்டி வந்தோம். பட்டுப் புடவையின் ஓரம் சாக்கடையில் நனைந்திருந்தது. அப்பா பின்வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்று வரவேற்றார்.

படியில் மொசைக் பெயர்ந்தது, திரும்பப் போட்டார். சித்தப்பா வாசலை உயர்த்தினார், அப்பா இன்னும் உயர்த்தினார். அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசியில் அப்பாவுக்கே முட்டி போய்விட்டது. கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் சித்தப்பா பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். அப்போதாவது ஒரு ஓரம் உடைத்துச் சரிவு வைக்கலாம் என்று நான் சொன்னேன். "வீட்டு லட்சணம் போயிடும்" என்றார்.

சில வருடங்களுக்கு முன் அவர் இறந்தார். அக்காவுக்குப் போன் செய்தேன். சக்கர நாற்காலியில் வந்தாள், கூந்தல் முழுக்க வெள்ளை. ரோட்டை அடைத்துப் போட்டிருந்த பந்தலின் கீழே, படிக்கு எதிரே வந்து நின்றுகொண்டாள். உள்ளே வாய்க்கரிசி போட நேரமாகிவிட்டது. சடங்கு செய்த பண்டாரம், "மூத்த பொண்ணைக் கூப்புடுங்க" என்றார். சித்தப்பா, தள்ளாத வயதில், ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு இறங்கி அவளிடம் போனார்.

"பசங்க தூக்குவாங்கம்மா. இன்னைக்கு ஒரு நாளைக்கு ஏறி வா."

"வேணாம் சித்தப்பா. நான் ஏற மாட்டேன். அவரு இறங்கி வரட்டும்."

சித்தப்பா மேலே நின்ற பையன்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஹாலிலிருந்து போர்ச்சுக்கு ஏற்றுவதற்கே தலைப்பக்கம் கீழே போய், அப்பா பெட்டிக்குள் சரிந்த சத்தம் கேட்டது. பிறகு படி. முன்னால் பிடித்தவன் வழவழப்பில் சறுக்கினான், பின்னால் பிடித்தவர்கள் குனிந்தார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு வழியாக ரோட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்கு எதிரே பெஞ்சுகளில் வைத்தார்கள். அக்கா கையிலிருந்த அரிசியை அவர் உதட்டில் போட்டாள். கோணலாகப் போயிருந்த தலையை நேராக்கிவிட்டாள்.

சவ வண்டிக்கார ஆள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். யார் என்ன உறவு என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

"எத்தனையோ வீட்டுல எறக்கியிருக்கேன்க்கா. இந்த மாதிரி ஒரு படிய மனுசன் பாத்ததில்ல. எவன்க்கா இதைக் கட்டுனது?"

அக்கா பெட்டியைக் காட்டினாள்.

"இவருதான்" என்றாள்.